ஒரே ரத்தத்தில் இரண்டு நோய்

எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு உடம்பு வெளுக்கிறது, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, ஈறில் ரத்தம் கசிகிறது. வைரஸின் வேலையா? மாத்திரையில் உள்ள சிடோவுடின் மஜ்ஜையை அடக்குகிறதா? காசநோயா? இல்லை, ரத்தப் புற்றுநோயா? எல்லாவற்றுக்கும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றேதான்.

கொல்கத்தா சித்தரஞ்சன் அவென்யூவில் உள்ள ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசினில் எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. அதை ஒட்டிய மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ரத்தவியல் நிறுவனம். எச்.ஐ.வி.யும் ரத்தப் புற்றுநோயும் உள்ளவர் இரண்டு இடத்துக்கும் போகவேண்டும். ஆனால் சந்தேகத்தை முதலில் கிளப்புவது ஒரு கண்ணாடி ஸ்லைடுதான். ஒரு துளி ரத்தத்தை அதில் மெல்லியதாக இழுத்து, காயவிட்டு, லீஷ்மன் சாயம் ஊற்றுகிறார்கள். டம்டமில் காய்ச்சல் பிடித்து இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் காலா அசார் கிருமியைக் கண்டு, 1903-ல் அதை எழுதிய வில்லியம் லீஷ்மனின் பெயர்தான் அந்தச் சாயத்துக்கு. டம்டம் இதே கொல்கத்தாவின் புறநகர். மைக்ராஸ்கோப்பில் முதிராத பெரிய வெள்ளணுக்கள் கூட்டமாகத் தெரிந்து, ஓரிரண்டினுள்ளே ஊசிபோலச் சிவந்த கம்பியும் கிடந்தால், அது மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய் (லுக்கீமியா) என்று ரத்தவியலாளர் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிடுவார். மஜ்ஜைப் பரிசோதனை அதை உறுதிசெய்யும்.

எச்.ஐ.வி.யா இதைக் கொண்டுவந்தது? நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமா என்றால் பெரும்பாலும் ஆமாம். நோயெதிர்ப்பைக் காக்கும் சிடி4 அணுக்கள் குறைந்து காவல் தளர்ந்ததும், எப்ஸ்டீன்-பார் போன்ற வைரஸ்கள் பி அணுக்களைப் பெருக்கிவிடுகின்றன. லுக்கீமியாவோடு அப்படி நெருங்கிய தொடர்பு நிறுவப்படவில்லை. நான் வியப்பது எச்.ஐ.வி.யின் உறவினரான எச்.டி.எல்.வி.-1 வைரஸை எண்ணித்தான். ராபர்ட் காலோவின் குழு 1980-ல் அறிவித்த அதுவும் ரெட்ரோவைரஸே. அதுவும் சிடி4 அணுவில்தான் குடியேறுகிறது. ஆனால் கொல்லாமல் பெருகவைக்கிறது. தொற்றியவர்களில் சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து அது லுக்கீமியாவாகிறது.

எச்.ஐ.வி.யிலிருந்து ஒரு மனிதர் முதன்முதலாக விடுபட்டதும் லுக்கீமியா வழியாகத்தான். திமோத்தி ரே பிரவுனுக்கு இரண்டும் இருந்தன. 2007-ல் பெர்லினில் மருத்துவர் கெரோ ஹ்யூட்டர், எச்.ஐ.வி. நுழையும் சிசிஆர்5 வாசல் பிறவியிலேயே இல்லாத ஒருவரின் ஸ்டெம் செல்களை அவருக்குச் செலுத்தினார். வைரஸ் திரும்பவே இல்லை. லுக்கீமியா திரும்பியது, 2020-ல் அவர் இறந்தார்.

கொல்கத்தாவில் இது எளிதல்ல. அந்த மரபு மாற்றம் வட ஐரோப்பியரிலேயே சுமார் நூற்றுக்கு ஒருவரிடம்தான் முழுமையாக இருக்கிறது. நம்மவரிடம் மிக மிக அரிது. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையே உயிருக்கு ஆபத்தானது, வேறு வழியில்லாத புற்றுநோயாளிக்குத்தான் அந்தத் துணிச்சல் தகும்.

நம் ஊருக்கு உதவுவது மருந்துப் பொருத்தம். லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியாவுக்குத் தரும் வின்கிரிஸ்டினைக் கல்லீரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது. எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனாவிர் அதைத் தடுக்க, மருந்து தேங்கி நரம்பைத் தாக்கும், பாதம் மரத்துப்போகும். இன்று அரசு மையங்களில் பரவலாகத் தரும் டோலுட்டெகிராவிருக்கு இந்தத் தடுப்பு இல்லை. ஆகவே ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்தாமலே கீமோ தொடங்கலாம். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவருக்கு அதை மறுக்க இனி எந்தக் காரணமும் கிடையாது.