'18+' பெட்டியில் டிக் அடித்தால் போதுமா? ஆன்லைன் லாட்டரியில் சேரும் முன் இதைப் படிங்க!

"நீங்கள் 18 வயது நிரம்பியவரா?" ஆன்லைன் சூதாட்டத் தளங்களில் பதிவு செய்யப் போனால் வழக்கமாக வரும் கேள்வி இது. 'ஆம்' என்று தட்டி, மொபைல் நம்பரும் ஓடிபியும் கொடுத்தால் கணக்கு ரெடி. 'வயசுதான் ஆயிடுச்சே, அப்புறம் என்ன?' என்று தோன்றும். ஆனால், தளம் கேட்பது வயதை மட்டும்தான். சட்டம் பார்ப்பது வேறு.

விழுப்புரம் கண்ட துயரம்

2019 டிசம்பரில், மூன்று நம்பர் லாட்டரியில் பணத்தை இழந்து கடனில் தவித்த நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பமே விழுப்புரத்தில் உயிரிழந்தது. அதில் மூன்று பேர் சின்னஞ்சிறு பெண் குழந்தைகள். தமிழகத்தில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003-ல். தடை வந்து 16 ஆண்டுகள் கழித்து நடந்த கொடுமை இது!

மூன்று நம்பர் லாட்டரியில் அரசு அச்சிட்ட டிக்கெட் கிடையாது. பெரும்பாலும் கேரளக் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று எண்களை ஊகித்துப் பணம் கட்டுவார்கள். செல்போன் வந்த பிறகு, இதற்குக் கடைகூடத் தேவையில்லாமல் போய்விட்டது.

சரி, யார் பதிவு செய்யலாம்?

விழுப்புரமோ திண்டிவனமோ, தமிழ்நாட்டில் இருந்துகொண்டு யாரும் சேர முடியாது. 18 வயதானாலும் சரி, 60 வயதானாலும் சரி.

* தமிழக அரசின் 2022-ம் ஆண்டுச் சட்டப்படி, ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை.

* ரம்மி, போக்கர் கதை வேறு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த இரண்டையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதனால் 2025 பிப்ரவரியில், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு மாநில அரசு கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, ஆதார் கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது.

* 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த மத்தியச் சட்டம், 'திறமையா, அதிர்ஷ்டமா' என்ற பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்கிறது. நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

'கேரளா லாட்டரி ஆன்லைனில்' என்று வருகிறதே?

நம்ப வேண்டாம். கேரள அரசு காகித டிக்கெட்டைத்தான் விற்கிறது. ஆன்லைன் விற்பனை கிடையாது. வெளிநாட்டு லாட்டரிக்குப் பணம் அனுப்பவும் அந்நியச் செலாவணி விதிகளில் தடை இருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தடை செய்யப்பட்ட தளத்தில் ஆதார், பான், வங்கி விவரங்களைக் கொடுத்தால், அவை யார் கையில் போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. ஜெயித்த பணம் வரவில்லை என்றால், எந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்பீர்கள்?

வீட்டில் யாராவது திடீரென்று கடன் கேட்டால், செல்போனை மறைத்தால், ராத்திரியில் தூங்காமல் இருந்தால், திட்டாமல் உட்கார்ந்து பேசுங்கள். ஆன்லைன் மோசடியில் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். மனம் உடைந்து போயிருந்தால் 104 அல்லது 14416-க்கு அழைத்துப் பேசலாம். விட்ட பணத்தை உழைத்துச் சம்பாதித்துவிடலாம். உயிர் போனால் வராது.