விற்காமல் விற்ற நிலம்

நம் சங்கத்து நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ஊர் நிலத்தில்தான் வந்து நிற்கும். யாரைக் கேட்டாலும் ஒரே கதை. அப்பா வைத்துவிட்டுப் போன நிலம் கொஞ்சம். பங்குதாரர்கள் நாலைந்து பேர். ஒருவர் ஊரில், ஒருவர் இங்கே தில்லியில், ஒருவர் மும்பையில், இன்னொருவர் கடல் தாண்டி. ஊரில் இருப்பவர் உழுகிறார். மற்றவர்கள் விற்றுவிடலாம் என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதுதான் சங்கடம்.

எங்கள் வீட்டுக் கதையும் இதுவேதான். தஞ்சை மாவட்டத்தில் எங்களுக்கு ஒரு வேலிக்குச் சற்றுக் குறைவாக நஞ்சை இருக்கிறது. அண்ணா பார்த்துக்கொள்கிறார். பக்கத்து வயல் வரைக்கும் பிளாட் போட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டாகிவிட்டது. போன தை மாதம் அண்ணா போன் செய்தார். "தம்பி, நம்ம நிலத்தையும் கேட்கிறாங்க. எனக்குக் கொடுக்க மனசில்லே. ஆனா உனக்கும் தங்கச்சிக்கும் பங்கு இருக்கு. உங்க பங்கை நான் வாங்கிக்கலாம்னா அந்த விலைக்கு எங்கே போவேன்?" என்றார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். பிளாட் விலைக்குப் பங்கு வாங்க நெல் விளைவித்த பணம் எப்படிப் போதும்?

இந்தக் கவலையோடுதான் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே கூட்டிப்போனார். மரின் கவுண்டி என்று பெயர். பாலத்தை ஒட்டிய பகுதி முழுக்கப் பணக்காரர்களின் வீடுகள். மேற்கே திரும்பியதும் வீடுகள் நின்றுபோயின. கடற்கரை வரைக்கும் பசும்புல் குன்றுகள், மாடுகள், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழைய தொழுவங்கள். உலகத்திலேயே விலை உயர்ந்த மனைகள் உள்ள ஒரு நகரத்துக்குப் பக்கத்தில் மாடு மேய இவ்வளவு இடமா! "இது அரசாங்க நிலமா?" என்று கேட்டேன். "கொஞ்சம் அரசாங்கத்தோடது மாமா. மீதியெல்லாம் தனியார் பண்ணை. ஆனா அவங்களே நினைச்சாலும் இங்கே காலனி கட்ட முடியாது. அந்த உரிமையை வித்துட்டாங்க" என்றார் மாப்பிள்ளை.

நிலத்தை விற்காமல் உரிமையை மட்டும் விற்பதாவது? திரும்பி வந்தபின் இதைப்பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

நம் ஊர் கிரயப் பத்திரங்களில் 'மாமூல் வழிநடைப் பாத்தியம், வாய்க்கால் பாத்தியம், ஈஸ்மெண்ட் உரிமை சகிதம்' என்று ஒரு வரி வருமே, அந்த ஈஸ்மெண்ட்தான் இதற்கும் மூலம். நிலம் உங்களுடையது, ஆனால் பக்கத்து நிலத்துக்காரர் அதன் வழியே நடந்துபோகும் பாத்தியம் அவருடையது. ஆக, சொத்துரிமை என்பது ஒரே கட்டை அல்ல, ஒரு சுள்ளிக்கட்டு. உழும் உரிமை ஒரு சுள்ளி, தண்ணீர் எடுக்கும் உரிமை ஒரு சுள்ளி, விற்க ஒன்று, வாரிசுக்கு விட ஒன்று, மனை போட்டு வீடு கட்ட ஒன்று. இதில் வீடு கட்டும் சுள்ளியை மட்டும் உருவி, நிலத்தைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட ஓர் அறக்கட்டளையிடம் எழுதிக் கொடுத்துவிடுவதுதான் 'கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட்'. நாம் நிலக்காப்புப் பாத்தியம் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த ஆங்கிலப் பெயரை 1959-ல் ஓர் அறிக்கையில் பரப்பியவர் வில்லியம் வைட் என்ற எழுத்தாளர்.

எழுதிக் கொடுத்தபின்னும் பட்டா உங்கள் பேரில்தான் இருக்கும். உழலாம், மாடு வளர்க்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம். ஊரார் உள்ளே வந்து உலவ அனுமதிக்க வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாகக் கிடையாது. ஆனால் பத்திரத்தில் விலக்கிய காரியத்தை நீங்களும் செய்ய முடியாது, உங்களிடம் வாங்கியவரும் செய்ய முடியாது, அவருடைய பேரனும் செய்ய முடியாது. அறக்கட்டளைக்காரர்கள் ஆண்டுக்கு ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மீறினால் கோர்ட்டுக்குப் போவார்கள். நம் கல்வெட்டுகளில் தானத்தை 'சந்திராதித்தர் உள்ளவரை' என்று எழுதிவைப்பார்களே, ஏறத்தாழ அந்தக் கணக்குத்தான்.

மரினில் இது வந்த விதத்தைக் கேளுங்கள். 1937-ல் பாலம் திறந்ததிலிருந்தே மனை வியாபாரிகளுக்கு அந்தப் பக்கம் கண். 1960-களில் மரின்செல்லோ என்ற பெயரில் 30,000 பேர் குடியிருக்க ஒரு புது நகரத்துக்கே திட்டம் போட்டார்கள். வழக்குகளில் மாட்டி அது நின்றுபோயிற்று. 1970-களின் தொடக்கத்தில் கவுண்டி நிர்வாகம் மேற்குப் பகுதியில் 60 ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம் என்று விதி போட்டது. பண்ணைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். நியாயம்தானே? ஒரே கையெழுத்தில் அவர்களுடைய நிலத்தின் விலை விழுந்துவிட்டது. ஈடாக ஒரு காசு வரவில்லை. காப்பவர்களுக்கும் நிம்மதியில்லை. இன்றைய நிர்வாகம் போட்ட விதியை அடுத்த தேர்தலில் வருகிறவர்கள் எடுத்துவிடலாம்.

இந்த இடத்தில் இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருவர் ஃபிலிஸ் ஃபேபர், உயிரியலாளரான இயற்கை ஆர்வலர். மற்றவர் எல்லன் ஸ்ட்ராஸ், கணவரோடு பால் பண்ணை நடத்தியவர். ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பிச் சிறு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்த யூதப் பெண்மணி. அந்தக் காலத்தில் பண்ணைக்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் ஒருவரை ஒருவர் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இந்த இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, 1980-ல் மரின் வேளாண் நில அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். விவசாய நிலத்துக்கென்றே அந்த நாட்டில் ஏற்பட்ட முதல் அறக்கட்டளை இது என்கிறார்கள். தடை விதிப்பதை விட்டுவிட்டு, வீடு கட்டும் உரிமையை விலை கொடுத்து வாங்குவோம் என்பதுதான் அவர்களுடைய வழி. இன்றைக்கு 50,000 ஏக்கருக்கு மேல் அப்படிக் காப்பில் இருக்கிறது.

என் கவனத்தை இழுத்தது அந்தப் பணம் எங்கே போனது என்பதுதான். சிலர் கடனை அடைத்தார்கள், தொழுவத்தைப் புதுப்பித்தார்கள். பல குடும்பங்களில் பண்ணையில் நின்று உழைக்கும் ஒரு பிள்ளை, வெளியூரில் இருக்கும் உடன்பிறந்தவர்களின் பங்கை அந்தப் பணத்தைக் கொண்டு தீர்த்திருக்கிறது! வீடு கட்டும் உரிமை போனபின் நிலத்தின் மதிப்பும் விவசாய விலைக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே பங்கை வாங்குவதும் கைக்கு எட்டுகிறது. இதைப் படித்தபோது அண்ணா போனில் பேசியது காதில் கேட்டது.

எல்லோருக்கும் விலை கொடுக்க எந்த அறக்கட்டளையிடமும் பணம் கிடையாது. அமெரிக்காவில் பலர் இந்த உரிமையைத் தானமாகத்தான் கொடுக்கிறார்கள். அங்கே வருமான வரிச் சலுகை வருகிறது. 1976-ல் தற்காலிகமாக வந்து, 1980-ல் நிலைத்த சட்டம் இது. ஓர் உதாரணம் சொல்கிறேன். நிலம் மனையாக விற்றால் 10 லட்சம் டாலர், வெறும் விவசாய நிலமாக 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6 லட்சம். அதுதான் தானத்தின் மதிப்பு. கொடுத்தவர் ஆண்டுக்கு 80,000 டாலர் சம்பாதிப்பவர் என்றால், அதில் பாதியான 40,000 வரை ஆண்டுதோறும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தை அடுத்த 15 ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம். முழு நேர விவசாயி என்றால் பாதி அல்ல, முழு வருமானத்தையுமே கழிக்கலாம். 2006-ல் தற்காலிகமாகக் கொடுத்த இந்தத் தாராளத்தை 2015-ல் நிரந்தரமாக்கினார்கள். பெரியவர் காலமானால் வாரிசுகள் கட்டும் சொத்து வரியிலும் குறைப்பு உண்டு. அந்த வரியைக் கட்ட முடியாமலே நிலத்தை விற்ற குடும்பங்கள் அங்கே உண்டு என்பதால், இது சிறிய விஷயமல்ல.

சலுகை என்று ஒன்று வந்தால் அதில் கை வைக்க ஆள் வராமல் இருக்குமா? குறைந்த விலைக்கு ஒரு நிலத்தை வாங்கி, அங்கே பெரிய விடுதி கட்டியிருக்கலாம் என்று மதிப்பீட்டாளரை வைத்து ஏகப்பட்ட விலை எழுதவைத்து, அந்தப் பொய்க் கணக்கைப் பங்கு போட்டு வரி ஏய்ப்பவர்களுக்கு விற்ற கூட்டங்கள் அங்கே முளைத்தன. 2022 டிசம்பரில் வந்த சட்டம், இப்படிக் கூட்டாகச் செய்வோர் போட்ட முதலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் கழிக்க முடியாது என்று கடிவாளம் போட்டது. 2024 ஜனவரியில் இப்படியொரு வழக்கில் இருவருக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது.

மரினிலும் ஓர் ஓட்டை தெரிந்தது. காப்பில் உள்ள பண்ணையைக் கோடீஸ்வரர்கள் அழகுக்காக வாங்கிப்போட்டு, மாட்டை விரட்டிவிட்டால்? வீடுகள் பெருகாது; விவசாயமும் நடக்காது. அதனால் பிற்காலப் பத்திரங்களில் விவசாயம் நடந்தே தீரவேண்டும் என்ற ஷரத்தையும் சேர்க்கத் தொடங்கினார்கள். பேரப்பிள்ளையின் கையை நாமே கட்டிப்போடலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. எனக்கும் அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆனால் பிளாட் போட்டு விற்றாலும் பேரன் அங்கே உழ முடியாது. அந்தக் கட்டுக்கும் அவிழ்ப்பு கிடையாது.

அதே கவுண்டியில் கடலோரப் பகுதியை 1962-ல் தேசியப் பூங்காவாக அறிவித்து, அரசாங்கம் பண்ணைகளை விலைக்கு வாங்கியது. பழைய சொந்தக்காரர்கள் குத்தகைதாரர்களாகத் தொடர்ந்தார்கள். வழக்குகள் வந்தன. 2025 ஜனவரியில் அறிவித்த உடன்பாட்டின்படி 12 பண்ணைகள் ஈட்டுத்தொகை பெற்றுக்கொண்டு வெளியேறச் சம்மதித்தன. உரிமையை மட்டும் விற்றவர்களோ தங்கள் சொந்த நிலத்திலேயே இருக்கிறார்கள்.

நம் நாட்டில் முடியுமா? வக்கீலாக இருக்கும் சங்க நண்பரைக் கேட்டேன். நம்முடைய ஈஸ்மெண்ட் சட்டம் 1882-ல் வந்தது; முதலில் அமலுக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அந்தச் சட்டப்படி ஒரு நிலத்தின் மேல் பாத்தியம் வேண்டுமானால், அதனால் பயன்பெறும் இன்னொரு நிலம் உங்களுக்கு இருக்கவேண்டும். எங்கோ உள்ள அறக்கட்டளை அப்படி வாங்கிக்கொள்ள வழியில்லை. அமெரிக்காவிலும் ஆங்கிலேயரிடமிருந்து வந்த இதே முட்டுக்கட்டை இருந்தது. மாநிலம் மாநிலமாகத் தனிச் சட்டம் போட்டு விலக்கினார்கள். 1981-ல் அதற்கு ஒரு மாதிரிச் சட்டமும் எழுதினார்கள். இங்கே வனவிலங்குச் சட்டத்தில் 2002-ல் செய்த திருத்தப்படி, தனியாரும் தாமாக முன்வந்து தம் நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கச் செய்யலாம். மேகாலயா, நாகாலாந்துப் பக்கம் அப்படிப் பல இருக்கின்றன. ஆனால் அது வனவிலங்குக்கு, நெல் வயலுக்கல்ல. காவிரி டெல்டாவுக்குத் தமிழக அரசு 2020-ல் கொண்டுவந்த வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயுக் கிணறு போன்றவற்றைத்தான் தடுக்கிறது. மனைக் கல்லை அல்ல. வரிச் சலுகையும் இங்கே விவசாயிக்குப் பயன்படாது. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரியே இல்லாதபோது எதிலிருந்து கழிப்பது? ஆகவே இங்கே விலை கொடுத்துத்தான் வாங்கவேண்டும்.

இவ்வளவையும் போன வாரம் அண்ணாவிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, கட்டாம இருக்கிறதுக்கு அந்தப் பணத்தை யார் கொடுப்பா?" என்றார். மரினில் 2012-ல் ஓட்டுப் போட்டுத் தங்களுக்குத் தாங்களே ஒரு டாலருக்குக் கால் சென்ட் விற்பனை வரி விதித்துக்கொண்டு, அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினார்கள் என்றேன். "ஊர்க்காரங்களே போட்டுக்கிட்டாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பிளாட்காரர் சித்திரை வரைக்கும் கெடு வைத்திருக்கிறார். தங்கை தன் பங்குக்கு உடனே பணம் வேண்டாம், தவணையில் கொடுத்தாலும் போதும் என்று சொல்லியிருக்கிறாள். என் பங்கைப் பற்றி நான் இன்னும் என் மனைவியிடம் பேசவில்லை.