தொற்று கூடியது, மரணம் குறைந்தது – இது என்ன கணக்கு?



கொரோனா ஓய்ந்து இவ்வளவு நாள் ஆகியும் ஒரு பேச்சு மட்டும் ஓயவில்லை. பெரட்டுக் களத்தில் காலையில் நின்று கேட்டால் காதில் விழும். "ஊசி போட்ட பிறகுதானே டிரெசர் ஐயா நோய் ரொம்பக் கூடிச்சு? அப்புறம் எதுக்கு ஊசி?" என்பார் ஒருவர். பக்கத்தில் நிற்பவர், "கூடினா என்னா, செத்தவங்க கம்மிதானே. அது வெறும் சளிக்காய்ச்சல்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் அரைக் கணக்கு. இந்த அரைக் கணக்கை நம்பி வீட்டிலுள்ள கிழவன் கிழவிக்கு ஊசி வேண்டாம் என்று தடுக்கிறார்களே, அதனால்தான் மீதிக் கணக்கையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் நாட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். 2021 செப்டம்பர் மாதம் மலேசியாவில் சுமார் 5 லட்சம் பேருக்குத் தொற்று பதிவானது. அந்த மாதம் அறிவித்த மரணம் 9,000க்கும் மேல். ஆறு மாதம் கழித்து, 2022 மார்ச்சில், தொற்று 7 லட்சத்தைத் தாண்டியது. மார்ச் 5ஆம் தேதி ஒரே நாளில் 33,406 பேர். ஆனால் அந்த மாதம் முழுவதும் இறந்தவர்கள் 2,500ஐ எட்டவில்லை.

நோய் ஏன் கூடியது? பேப்பரில் வரும் எண்ணிக்கை, நாட்டில் இருக்கும் நோய் அல்ல. நாம் கண்டுபிடித்த நோய். தோட்டத்தில் இனிப்புநீர் பரிசோதனை முகாம் வைத்தால் என்ன நடக்கும்? காலையில் பத்துப் பேர் பெயர் இருந்த புத்தகத்தில் சாயந்திரம் இருபது பேர் பெயர் இருக்கும். அன்றைக்குப் பத்துப் பேருக்கு வியாதி வந்துவிட்டதா? இல்லை. முன்பே இருந்தது, அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொரோனாவிலும் அதே கதைதான். 2020இல் மூக்கில் குச்சி விட்டு எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். 2021 ஜூலையில் வீட்டிலேயே சோதிக்கும் பெட்டிக்கு அனுமதி கிடைத்தது. செப்டம்பரில் அதற்கு உச்ச விலை 19 வெள்ளி 90 காசு என்று அரசாங்கம் கட்டுப்படுத்தியது. பிறகு இன்னும் மலிந்தது. லேசான தும்மல்காரரும் சோதித்து, கைத்தொலைபேசியில் மைசெஜாத்ராவில் பதிந்தார்.

கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். ஒரு லயத்தில் மூச்சுத் திணறுகிறவர்களை மட்டும் சோதிக்கிறோம். 100 பேருக்கு நோய், 3 பேர் மரணம். அதே லயத்தில் எல்லோரையும் சோதித்திருந்தால் 400 பேருக்கு நோய், அதே 3 பேர் மரணம். நூற்றுக்கு மூன்று என்றிருந்தது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகிவிடும். ஒருவர்கூடப் பிழைத்து எழவில்லை, கணக்கு மட்டும் இறங்கிவிட்டது.

இதோடு நிறுத்தினால் தப்பு. இப்படிக் கணக்கு இறங்கும்போது சதவிகிதம்தான் குறையும், பிணம் குறையாது. நம் நாட்டில் பிணமே குறைந்தது. அதுவும், 2021 கடைசியில் வந்த ஓமிக்ரோன் முன்பிருந்த டெல்டாவைவிட வேகமாகப் பரவியதால், நிஜமாகவே நோய் கூடிய நேரத்தில்.

அதற்குப் பெரிய காரணம் ஊசிதான். 2021 அக்டோபர் 10ஆம் தேதி, பெரியவர்களில் நூற்றுக்கு 90 பேர் முழு ஊசியும் போட்டு முடித்தார்கள். செம்பனை வெட்டுகிறவர் தலையில் தொப்பி போடுகிறாரே, அது மட்டை விழுவதைத் தடுக்குமா? தடுக்காது. மண்டை உடைவதைத்தான் தடுக்கும். ஊசியும் அப்படித்தான். மூக்கில் கிருமி நுழையாமல் காக்கும் பலம் சில மாதத்தில் தளர்ந்துவிடும், ஓமிக்ரோனிடம் இன்னும் சீக்கிரம் தளரும். ஆனால் கிருமி நெஞ்சுக்குள் இறங்கும்போது எதிர்த்துச் சண்டை போடும் ஞாபகம் உடம்பில் நீண்ட நாள் தங்கும். அதனால்தான் ஊசி போட்டவருக்கும் காய்ச்சல் வந்தது, ஆனால் பெரும்பாலோருக்கு ஆக்சிஜன் வேண்டியிருக்கவில்லை.

வேறு காரணங்களும் உண்டு. ஓமிக்ரோன் நுரையீரலைவிடத் தொண்டைப் பக்கம் அதிகம் வளர்கிற கிருமி. ஏற்கனவே ஒரு தடவை நோய் கண்டவர்களும் நிறைய இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இடம் இருந்தது என்பதும் சாதாரண விஷயமல்ல. 2021 ஜூலை, ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கில் படுக்கையே போதவில்லை என்பதை மறந்துவிட்டோமா?

மரணக் கணக்கைப் படிக்க இன்னொன்றும் தெரிய வேண்டும். தொற்று இன்றைக்குக் கூடினால், மரணம் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் கூடும். பதிவு சில சமயம் அதற்கும் பிந்தும். 2021 செப்டம்பர் 11ஆம் தேதி 592 மரணம் என்று அறிவித்தார்கள். அதில் பெரும்பாலானவை முந்திய நாட்களில் நடந்து, தாமதமாகப் பதிவானவை. ஆகவே ஒரு வாரத்து எண்ணிக்கையைப் பார்த்து "நோய் கூடிச்சு, சாவு கூடலையே" என்று சந்தோஷப்பட்டுவிட முடியாது.

சரி, ஓமிக்ரோன் வெறும் சளிக்காய்ச்சல் என்றாரே, அவருக்கு ஹாங்காங் கதையைச் சொல்ல வேண்டும். நம் ஜனத்தொகையில் நாலில் ஒரு பங்குகூட அங்கே கிடையாது. 2022 முற்பகுதியில் அதே ஓமிக்ரோன் அங்கே புகுந்து, சில மாதத்தில் 9,000 பேருக்கு மேல் உயிரை வாங்கியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். காரணம், அங்கே இளவட்டங்கள் ஊசி போட்டார்கள். 80 வயதுக்கு மேற்பட்டவர்களில் பெரும் பகுதியினர் போடாமல் விட்டுவிட்டார்கள். "பெரியவருக்கு உடம்பு தாங்காது" என்று வீட்டாரே பயந்தார்கள். நம் லயங்களிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

மரணம் குறைந்தது எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. இருபது வயதுப் பையனுக்கு ஆபத்து ஏறக்குறைய இல்லை. இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ள அறுபது எழுபது வயதுக்காரருக்கு ஆபத்து இன்னும் இருக்கிறது. நம்ம வீடுகளில் இனிப்புநீர் இல்லாத வீடு எது, விரல் விட்டு எண்ணுங்கள் பார்ப்போம்.

2023 மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை நீக்கியது. கிருமியை யாரும் நீக்கவில்லை. அப்படிப்பட்ட பெரியவர்கள் கூடுதல் ஊசி போட வேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். காய்ச்சல், இருமல் வந்தால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கொரோனா என்றால் "நாலு நாள் பார்ப்போம்" என்று இருக்க வேண்டாம். அதற்கான மாத்திரையை முதல் ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால்தான் பலன். எல்லோருக்கும் அது ஒத்துக்கொள்ளாது. தினமும் சாப்பிடும் மருந்துகளைப் பையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். இனிப்புநீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெரியவருக்குப் பேசும்போதே மூச்சு வாங்கினாலோ, சாப்பிடாமல் சுருண்டு படுத்து ஆளை அடையாளம் தெரியாமல் உளறினாலோ, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 95க்குக் கீழே காட்டினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் தோட்டத்து டிரெசரின் கதவைத் தட்டுங்கள்.