நாலைந்து மல்லாட்டைப் பருப்பின் எடை

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் பொழுது சாய்ந்ததும் சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறைப் பார்க்காதவர் இல்லை. அதன் நெருங்கிய உறவு ஒன்று, வளர்ந்து முடிந்த பிறகும் ஏறக்குறைய 2 கிராம்தான் இருக்கும். நாலைந்து மல்லாட்டைப் பருப்பின் எடை. வாலை விட்டுவிட்டால் நீளம் 4 சென்டிமீட்டர். எட்ருஸ்கன் மூஞ்சூறு என்பது பெயர். உலகில் இன்று வாழும் பாலூட்டிகளில் இதைவிட எடை குறைந்தது வேறில்லை.

1822இல் இத்தாலியரான சாவி இதை முதலில் விவரித்தார். நீலகிரியில் கிடைத்ததை 1842இல் துவெர்னுவா தனி இனமாகக் கருதி, தாவரவியலாளர் பெரொத்தேயின் பெயரை வைத்தார். பெரொத்தே நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் போலத்தான். 1870இல் புதுச்சேரியில் மறைந்தார். பின்வந்தவர்கள் இரண்டையும் ஒரே இனமாகச் சேர்த்துவிட்டார்கள்.

உடல் சிறுத்தால் எடையோடு ஒப்பிட மேற்பரப்பு கூடும், அந்தத் தோல் வழியே சூடு ஓயாமல் வெளியேறும். இழந்ததை ஈடுகட்ட இது ஒரு நாளில் தன் எடையைப் போல் ஒன்றரை, இரண்டு மடங்கு பூச்சிகளைத் தின்கிறது. இதயம் நிமிடத்துக்கு 1,511 முறை வரை துடித்ததை அளந்திருக்கிறார்கள். நொடிக்கு 25 துடிப்பு! குளிரில் இரை கிடைக்காவிட்டால் உடல் வெப்பத்தை 12 டிகிரி வரை தணித்து, மரத்துப்போய்க் கிடந்து உயிரைக் காத்துக்கொள்கிறது. இருட்டில் மீசை மயிர் பட்டதுமே, கிட்டத்தட்ட தன் அளவே உள்ள சில்வண்டின் மேல் பாய்ந்து கடித்துவிடும். இத்தனை வேகம் இத்தனை சின்ன உடலுக்குள் இருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மூஞ்சூறுகள் எலி இனமே அல்ல, முள்ளெலிக்குத்தான் நெருங்கியவை. மூட்டையை அறுத்து நெல்லைத் தின்பது எலியின் வேலை. பூச்சி தின்னும் மூஞ்சூறையும் அதோடு சேர்த்து விஷம் வைத்துக் கொல்வது பெரிய அநியாயம்.

கல் குவியலும் பழஞ்சுவர் இடுக்கும் இந்தக் குட்டி உயிருக்குப் பிடித்த இடங்கள். நம் மாவட்டத்தில் தேடச் சொன்னால் நான் செஞ்சிப் பாறைகளில்தான் தொடங்குவேன். கண்ணில் படுவது அரிது என்பதால் கூகை தங்கும் பாழ் மண்டபங்களையும் பார்க்க வேண்டும். செரிக்காத எலும்பையும் மயிரையும் கூகை உருண்டையாகக் கக்கிவிடும். அதை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடுகள் கிடைக்கும். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் எலி. கூர்பற்கள் இடைவெளியின்றி வரிசையாக நின்றால் மூஞ்சூறு.