உஷார்! ‘ஆறு பேரைச் சேர்’ என்று வருபவர் உங்கள் மச்சாளாக இருக்கலாம்

“அக்கா, ஒரு நல்ல பிஸ்னஸ் இருக்கு. போனில சொல்லேலாது. ஞாயிற்றுக்கிழமை வவுனியாவுக்கு வாங்கோ, ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.”

இப்படி அழைப்பவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர் அல்ல. மச்சாள், ஒன்றுவிட்ட தம்பி, பிள்ளையின் ரியூசன் வாத்தியார் என்று நாம் மறுத்துப் பேசத் தயங்குகிற ஆட்கள்தான். ‘நெற்வேர்க் மார்க்கெட்டிங்’ என்பார்கள். ‘நேரடி விற்பனை’ என்பார்கள். இப்போது ‘கிரிப்டோ’ என்றும் சொல்கிறார்கள்.

2023 ஓகஸ்ட்டில் இலங்கை மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள், அதாவது ஆள் சேர்ப்பதில் காசு பார்க்கும் திட்டங்கள், என்று ஒரு பட்டியலை அறிவித்தது. ரியன்ஸ் லங்கா ஹெல்த் கெயார், பெஸ்ட் லைஃப் இன்ரநஷனல், ஒன்மக்ஸ்டிரி, எம்ரிஎஃப்ஈ ஆகியவை அதில் இருந்தன. பட்டியல் அதன்பின் நீண்டுகொண்டே போகிறது. எம்ரிஎஃப்ஈ செயலி அதே மாதத்தில் பங்களாதேஷ், நைஜீரியா, இலங்கை எங்கும் முடங்கியது. போட்ட காசு போனதோடு நிற்கவில்லை. ‘நீங்கள்தான் எங்களுக்குக் கடன்’ என்று பலருடைய கணக்கில் கழித்தல் குறியோடு தொகை காட்டியது!

ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால் போதும் என்பார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்களுக்குக் கீழே ஆறு, அவர்களுக்குக் கீழே முப்பத்தாறு. ஆறாவது படியில் 46,656 பேர் வேண்டும். 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தின் மொத்தச் சனமே ஏறத்தாழ 92,000 பேர்தான். ஏழாவது படிக்கு 2,79,936 பேர். அதே கணக்கெடுப்பின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றிலும் இருந்த வளர்ந்தவர்களை எல்லாம் கூட்டினாலும் காணாது. எந்தப் படியில் நின்றாலும் சேர்ந்தவர்களில் ஆறில் ஐந்து பங்கினருக்குக் கீழே எவரும் இல்லை. மேடையில் கார்ச் சாவி வாங்குபவரின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அந்த ஐந்து பங்கினரின் படத்தை யாராவது அனுப்பியதுண்டா?

விற்கிறவரின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் மறைக்கிறார்கள். சேரும்போது ஒரு ‘பக்கேஜ்’ வாங்க வேண்டும். கணக்கு உயிரோடு இருக்க மாதாமாதம் குறித்த தொகைக்குப் பொருள் எடுக்க வேண்டும். ஆள் கிடைக்காத மாதத்தில் சொந்தக் காசில் எடுத்து அலுமாரிக்குள் அடுக்குவார்கள். பிறகு செமினார் ரிக்கற், கொழும்புக்கு இரவு பஸ், சாப்பாடு, டேற்றா. சின்னம்மாவுக்குக் கடனாகக் கொடுத்த சத்துமா டின்னின் காசை எந்த முகத்தோடு கேட்பது? நகை அடகில் இருந்தால் வட்டியும் ஓடும். கொமிஷன் வந்த எஸ்எம்எஸ்ஸைக் காட்டுபவர் இந்தச் செலவுகளில் ஒன்றையும் காட்டமாட்டார். அனேகமாக அவரே எழுதிப் பார்த்திருக்கமாட்டார். அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையத்தின் அலுவலர்கள் 70 நிறுவனங்களின் வருமான அறிக்கைகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டதன்படி, சேர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு வருடத்துக்கு ஆயிரம் டொலர் அல்லது அதற்கும் குறைவாகவே கிடைத்திருக்கிறது. அதுவும் செலவைக் கழிக்கும் முன்!

நம்முடையதோ, நுண்கடனில் சிக்கிய பெண்களுக்காக 2018இல் அரசு நிவாரணத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மண். அப்போதாவது கடன் தந்தவருக்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தது. ‘பக்கேஜ்’ வாங்கவென்று நீங்களே அடகு வைத்த தாலிக்கொடியை எந்த அரசும் மீட்டுத் தராது.

இனிச் சொல்வதைக் கட்டாயம் வாசியுங்கள். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு, வருமானம் பெரும்பாலும் ஆள் சேர்வதிலோ சேர்ந்தவர்கள் கட்டும் காசு கூடுவதிலோ தங்கியிருக்கும் திட்டங்களைத் தடைசெய்கிறது. ‘எங்களிடம் பொருள் இருக்கிறதே’ என்பது தப்பிக்கும் வழி ஆகாது. தொடங்கியவர் மட்டுமல்ல, விளம்பரப்படுத்துபவரும் ஊக்குவிப்பவரும் குற்றவாளிகளே. தெரிந்துகொண்டே பிறருக்கு நட்டம் வரச் செய்தால் 3 முதல் 5 வருடக் கடூழியச் சிறையும், இருபது இலட்சம் ரூபாய் அல்லது வாங்கிய தொகையின் இருமடங்கு, இதில் எது கூடவோ அந்தத் தண்டமும் உண்டு. காசைத் தொலைத்த அக்காவே தங்கையைச் சேர்த்துவிட்டதற்காகப் பொலிசுக்குப் பதில் சொல்லும் நிலை வரலாம். விட்டதைப் பிடிக்க இன்னும் இரண்டு பேரைச் சேர்ப்பம் என்று யோசிக்கிறவர்கள், தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கோ. உங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் உடனே சொல்லுங்கோ.

வங்கிச் சிட்டை, வாட்ஸ்அப் செய்தி, குரல்பதிவு ஒன்றையும் அழிக்க வேண்டாம். மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்து, சொல்லப்படும் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். கிளிநொச்சியிலேயே மத்திய வங்கிக்கு அலுவலகம் இருக்கிறது. கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை, இன்னும் அகப்படவில்லை என்பதாகவும் இருக்கலாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கூப்பிடுகிற தம்பியிடம், போன ஆறு மாத வங்கிப் புத்தகத்தையும் பொருள் எடுத்த பில்லுகளையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கோ.