றேடியேற்றரில் கிணற்று நீர் வார்க்கலாமா?

மோட்டார் வண்டி உள்ள இல்லங்களிலே அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. “பனி உறையாத நம் நாட்டிற்குக் கூலன்ற் எதற்கு? கிணறு நிறையத் தண்ணீர் இருக்கையில், காசு கொடுத்துப் பச்சைத் தண்ணீர் வாங்குவானேன்?” என்பதே அது. வினாவில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆயினும், அத்திரவம் செய்யும் தொழில்களுள் ஒன்றை மாத்திரம் அறிந்தோரே இவ்வாறு வினவுவர்.

குளிர் நாடுகளில் மாரிகாலத்தில் எஞ்சினுள் இருக்கும் நீர் உறையும். உறைகின்ற நீர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிந்து வார்ப்பிரும்பையும் பிளந்துவிடும். இதனைத் தடுக்கவே எதிலீன் கிளைக்கோல் என்னும் திரவத்தை நீருடன் கலக்கலாயினர். தை மாத விடியல்களிற் சில வேளைகளில் நுவரெலியாப் புற்றரைகளில் உறைபனி படிவது உண்மையே. ஏனைய இடங்களில் நமக்கு அந்த அச்சம் இல்லை. நமக்கு வேண்டியது அதன் மற்றைய தொழில். அதாவது, உலோகத்தை அரிப்பினின்றும் காத்தல்.

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் பயிலும் மாணவர் இதனை எளிதில் உணர்வர். இரு வேறு உலோகங்களை மின்பகுபொருட் கரைசலொன்றில் இட்டு இணைத்தால் மின்னோட்டம் பாயும். அவற்றுள் ஒன்று கரைந்து தேயும். வார்ப்பிரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை, பற்றாசு ஆகியவற்றை உப்புக் கரைந்த நீரால் இணைத்து வைத்திருக்கும் எஞ்சின், அத்தகைய கலம் அன்றி வேறென்ன? அலுமினியத்தை அதன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலமே காக்கின்றது. நீரிலுள்ள குளோரைட்டு அப்படலத்தைத் துளைத்து உலோகத்திற் குழி பறிக்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறி வருவது. கடலை அண்டிய ஊர்களிலோ உவர்ப்பும் சேரும். தேநீர்க் கேத்தலின் அடியிற் படியும் வெள்ளை ஓட்டைக் காணாத இல்லத்தரசி அங்கு உண்டோ? அதே கல்சியம் காபனேற்று றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிகின்றது. அது வெப்பத்தை நன்கு கடத்தாது, குழாயையும் அடைக்கும். எஞ்சின் கொதித்து, ‘ஹெட்’ வளைந்த பின்னர் திருத்தத்திற்குச் செலவாகும் பணத்தை நோக்கினால், கூலன்றின் விலை அற்பமே. வாடகை வான் ஒன்றின் வருவாயில் வாழும் குடும்பத்திற்கு இது சிறு விடயமன்று.

இனி, எதனை வாங்குவது? பச்சை, சிவப்பு, நீலம் என நிறம் பார்த்து வாங்கும் வழக்கம் பரவியிருக்கின்றது. நிறம் வெறும் சாயம். கம்பனிக்குக் கம்பனி அது வேறுபடுமாதலால் அதை நம்புதல் தகாது. உள்ளே இருக்கும் அரிப்புத் தடுப்பானே முக்கியம். சிலிக்கேற்று முதலிய கனிம உப்புக்களைக் கொண்ட பழைய வகை விரைவிற் படலமிட்டுக் காக்கும். ஆயின், இரண்டு ஆண்டளவில் வலுவிழந்துவிடும். சேதன அமிலங்களைக் கொண்ட புதிய வகை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நிலைக்கும். இரண்டும் கலந்த வகையும் உண்டு. 1952 முதல் 1954 வரை உற்பத்தியான ஒஸ்ரின் ஏ-40 சொமசெற் போன்ற பழங்கார்களைப் பேணுவோர், அவற்றின் பித்தளைக்கும் பற்றாசுக்கும் ஏற்ற பழைய வகையையே நாடுதல் நன்று.

ஐரோப்பியர் தம் வன்னீரை எண்ணிப் பெரும்பாலும் பொசுபேற்றைத் தவிர்த்தனர். யப்பானியரோ நீர்ப்பம்பியின் காப்பு வளையம் தேயுமென்று சிலிக்கேற்றை விலக்கிப் பொசுபேற்றைக் கொண்டனர். நம் வீதிகளில் மிகுந்திருப்பன யப்பானிய வாகனங்கள். அவற்றுக்குரிய செறிந்த கூலன்றைச் சுண்ணாம்புக் கிணற்று நீரிற் கலந்தால், பொசுபேற்று கல்சியத்துடன் சேர்ந்து வீழ்படிவாகும். காசு கொடுத்து வாங்கிய காவலன் கல்லாய்ப் படிந்துபோவான். ஆகவே, கலந்து விற்கப்படும் கூலன்றை வாங்குக. அல்லது பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த நீரிற் சரிபாதியாகக் கலக்குக. நீர் சேராத தனிக் கிளைக்கோல் வெப்பத்தை நீரளவு ஏந்திச் செல்லாது என்பதையும் மறத்தலாகாது. வகை தெரியாத ஒன்றின்மேல் வேறொன்றை வார்த்தலும் வேண்டாம். பழையதை முற்றாக வடித்துக் கழுவிய பின்னரே மாற்றுக. வாகனத்துடன் வந்த கைந்நூலிற் குறித்த வகையே முதற்றெரிவு. காலஞ்சென்ற கூலன்றில் கிளைக்கோல் அமிலமாகத் திரிந்து, காத்த உலோகத்தையே அரிக்கத் தொடங்குமாதலால், தவணையைத் தவறவிடுதல் கூடாது. எஞ்சின் சூடாறுமுன் மூடியைத் திறத்தல் ஆபத்து.

பெற்றோருக்கு ஒன்று கூறவேண்டும். எதிலீன் கிளைக்கோல் இனிப்பானது, கொடிய நஞ்சு. உடலினுள் அது ஒட்சாலிக்கமிலமாக மாறிச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். சிறு குழந்தைக்குச் சில மிடறுகளே உயிர்க்கேடாகலாம். வடித்தெடுத்த கூலன்றைச் சோடாப் போத்தலிலோ திறந்த வாளியிலோ வைக்காதீர். முற்றத்தில் ஊற்றாதீர், நாயும் பூனையும் நக்கும். குழந்தை பருகியதாக ஐயம் தோன்றினாலும், குறிகள் தென்படும்வரை காத்திராது, அந்தப் போத்தலையும் உடன்கொண்டு வைத்தியசாலைக்கு விரைக.