இராட்டினம் ஏறுமுன்

பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால் குருநகரில் மாலை வேளைகளிலே ஒரு பேச்சு அடிபடத் தொடங்கும். "மாஸ்டர், இந்த முறை பிள்ளையளைக் கொழும்புப் பக்கம் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்று இறங்குதுறையிலிருந்து திரும்பும் அயலவர் ஒருவர் படலையில் நின்று சொல்வார். கொழும்பிலே காட்ட வேண்டியது எது என்று கேட்டால், முன்னாளில் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை என்றும் காலிமுகத் திடல் என்றும் விடை வரும். இந்நாளிலோ பெரியவர்கள் வாய் திறக்குமுன் "தீம் பார்க்" என்று பிள்ளைகளே சொல்லிவிடுகின்றனர்.

நாமும் ஒரு தடவை சென்று வந்தோம். இரண்டு வீட்டார், பதினொருவர், ஒரு வான். எமது இல்லத்தில் ஐவர்; அடுத்த வீட்டுக் கடற்றொழிலாளர் இல்லத்தில் அறுவர். அயலவரின் மனைவி இரண்டு ஆண்டுகளாகக் கட்டிய சீட்டுக்காசு அதற்கென்றே எடுக்கப்பட்டது. கேளிக்கைப் பூங்காவுக்கு முதன்முறை செல்லும் குடும்பம் ஒன்று செய்யக்கூடிய பிழைகளுள் அன்று நாம் செய்யாது விட்டவை மிகச் சிலவே. இவ்விடுமுறைக்கு வான் பேசிக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு அவை பயன்படக்கூடும் என்பதனாலேயே வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு இதனை எழுதுகின்றோம்.

முதல் நாளிற் பிழை விடுவது நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆந் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து அனஹைம் நகரில் வால்ட் டிஸ்னி தமது டிஸ்னிலாந்தைத் திறந்து வைத்தார். இன்று உலகெங்கும் பரவியுள்ள தீம் பார்க்குகள் பலவற்றுக்கும் முன்மாதிரி அதுவே. அன்று நடந்தது என்ன? அழைப்புச் சீட்டுகளைக் கள்ளமாக அச்சிட்டோர் இருந்தமையால் எதிர்பார்த்ததை விஞ்சிய கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. கொளுத்தும் வெயில். குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தாற் குடிநீர்க் குழாய்கள் பல இயங்கவில்லை. புதிதாக இட்ட தார் இளகிச் சீமாட்டிகளின் குதிச்செருப்புகள் அதிற் புதைந்தன. உணவும் தட்டுப்பட்டது. கட்டியவருக்கே முதல் நாள் அப்படி என்றால், வானிலே புறப்பட்ட பதினொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் எமது பிழைகளின் வேர் வேறோர் இடத்தில் இருந்தது. நாற்பதைக் கடந்த யாழ்ப்பாணத்தவர்கள் வளர்ந்த காலத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் புகைவண்டி நின்றது. அது மறுபடியும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்து சேர்ந்தது 2014 ஒக்டோபரிலேதான். மின்சாரம் அற்ற ஆண்டுகளிலே துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை நாம். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்கள், குருநகர் யாகப்பர் கோவிற் பெருநாள், அமைதி வாய்த்த ஆண்டுகளில் முற்றவெளியில் ஒரு களியாட்ட விழா, இவையன்றி வேறு கேளிக்கை அறியோம். ஆகவே இன்று பிள்ளைக்கென்று வாங்கும் நுழைவுச்சீட்டில் தகப்பனின் பத்து வயதும் சேர்ந்தே இருக்கின்றது. அன்று கிட்டாத யாவற்றையும் ஒரே பகற்பொழுதில் அனுபவித்துவிட வேண்டும் என்ற அவா தாய்தந்தையரைப் பிடித்து ஆட்டுகின்றது. பிள்ளை பாவம், அந்த அவாவுக்கு ஈடுகொடுக்க ஓடுகின்றது.

இரவு எட்டு மணிக்கு வான் புறப்பட்டது. விடுதிச் செலவு மிச்சம் என்று எண்ணினோம். இருக்கையிற் குந்தியபடி கண்ணயர்ந்து, விடியற்காலை எரிபொருள் நிலையம் ஒன்றில் முகங்கழுவி, ஒன்பது மணிக்குப் பூங்கா வாசலில் நின்றபோது பெரியவர்கள் களைத்தும் சிறியவர்கள் சினந்தும் இருந்தனர். இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. இரவு முழுதும் வானை ஓட்டிய சாரதி பகலில் எங்கே உறங்குவார், அன்றிரவே நானூறு கிலோமீற்றர் வரையான வழியை எப்படித் திரும்ப ஓட்டுவார் என்று எம்முள் ஒருவரும் கேட்கவில்லை. நல்லூழால் ஒன்றும் நேரவில்லை. ஊழை நம்பி இன்னொரு முறை புறப்பட மாட்டோம். பகற் புகைவண்டியிற் சென்று, ஓரிரவு உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கி, மறுநாட் காலை பூங்காவுக்குப் போவதே முறை. அந்த ஓர் இரவுக்குக் கொடுக்கும் காசு வீண்செலவன்று.

நாம் தெரிந்தெடுத்த நாள் சித்திரை விடுமுறையில் வந்த ஒரு போயா நாள். நாடு முழுவதற்கும் அன்று விடுமுறை என்பதை எப்படி மறந்தோமோ! மற்றொன்றையும் மறந்தோம். மழையென்றால் எமக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மேல் மாகாணத்து வானம் வேறு கணக்கு வைத்திருக்கின்றது. அங்கே மே மாதந் தொடக்கம் தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொணர்கின்றது. அதற்கு முந்திய சித்திரையிலும், பின்னர் ஐப்பசியிலும், காலை வெயிலாக இருந்து பிற்பகலில் இடிமின்னலோடு மழை கொட்டுவது வழக்கம். மின்னல் கண்டவுடன் உயரமான இயந்திரங்களை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். ஆகையாற் காலையில் உயரமானவற்றையும், உச்சிப்பொழுதிற் கூரைக்குக் கீழுள்ளவற்றையும் வைத்துக்கொள்வதே புத்தி. நாமோ வாசலுக்கு அண்மையிலிருந்த சிறு இராட்டினங்களிற் காலை முழுவதையும் போக்கினோம். கதவு திறந்தவுடன் எல்லோரும் முதலிற் கண்டதிலேதான் வரிசை கட்டுகின்றனர். நேரே கடைக்கோடிக்கு நடந்து, அங்கிருந்து வாசலை நோக்கித் திரும்பி வருபவர்க்குக் காத்திருப்புக் குறைவு.

அயலவரின் மகனுக்கு எட்டு வயது. மூன்று மாதங்களாக அவன் உறக்கத்திலும் ரோலர் கோஸ்டர் பற்றியே பேசினான் என்று அவன் தாய் சொல்வார். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று ஏறும் இடத்தை அடைந்தபோது, அங்கே நின்ற பணியாளர் அவனை ஓர் அளவுகோலின் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டு விரற்கடை குறைந்தது. "நாலு வயசிலை வள்ளம் ஏறினவன், இதிலை ஏறமாட்டானோ?" என்று தகப்பன் குரலை உயர்த்தினார். பணியாளர் பலகையைக் காட்டினார். பையன் அழவில்லை. வரிசையில் வந்த வழியே தலை குனிந்து திரும்பி நடந்தான்; அது அழுகையினும் கொடியது.

அளவுகோல் சொன்னது நியாயம் என்பதை ஆசிரியர் என்ற முறையில் நாம் பின்னர் அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. ரோலர் கோஸ்டர் வண்டிகள் பெரும்பாலானவற்றிலே எந்திரம் இல்லை. சங்கிலியொன்று வண்டியை முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துச் செல்கின்றது. அப்பால் நடப்பதெல்லாம் புவியீர்ப்பின் வேலை. உராய்விலும் காற்றிலும் வலு குறைந்துகொண்டே போவதனால், பின்வரும் மேடுகள் முதல் மேட்டிலும் தாழ்ந்தவையாகவே அமைக்கப்படுகின்றன. வண்டி மேட்டின் மீதேறிக் கவிழும் கணத்தில் உடல் இருக்கையை விட்டு எழப் பார்க்கும். அப்போது பிடித்து வைத்திருப்பது இடுப்பின் குறுக்கேயோ தோளின் மீதோ விழும் சட்டமே. அது வளர்ந்த உடலுக்கு ஏற்பச் செய்யப்பட்டது. சின்ன உடல் அதற்குள்ளே நழுவிவிடும். பாரிசிலுள்ள டிஸ்னிலாந்திலும் ஒரு வண்டிக்கு 120 சென்ரிமீற்றர், இன்னொன்றுக்கு 102 சென்ரிமீற்றர் என்று வகுத்தே வைத்திருக்கின்றனர். புறப்படுமுன் வீட்டுச் சுவரிலே பிள்ளையை நிறுத்திக் கோடு போட்டுப் பார்த்து, எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று அவனிடமே சொல்லிவிட வேண்டும். வீட்டிலே கேட்டால் அது செய்தி. வரிசையின் முடிவிலே கேட்டால் அவமானம்.

எமது மூத்த மகன் கதை இதற்கு நேர்மாறு. அவனுக்கு உயரம் போதும், விருப்பந்தான் இல்லை. "காசு கட்டியாச்சு, ஏறடா" என்று நாமே தள்ளி ஏற்றினோம். இறங்கி வந்தவன் கால்மணி நேரம் எம்மோடு பேசவில்லை. தகப்பனின் பத்து வயது என்று மேலே சொன்னோமே, அது ஏறிய வண்டி அதுதான்.

வயிற்றைப் பற்றியும் ஒரு சொல். காலையிற் பிட்டும் சம்பலும் வயிறு முட்ட உண்டுவிட்டுச் சுழலும் கிண்ணத்தில் ஏறிய பெரியவர் இருவர் பட்ட பாட்டை இங்கே விவரியோம். அயலவர் மாத்திரம் சிறிதும் தளரவில்லை. கேட்டபோது, "கடலுக்குப் போறவன் அரை வயித்தோடைதான் போவான் மாஸ்டர். தலை சுத்தினால் தூரத்திலை ஒண்டைப் பாக்கவேணும், காலடியைப் பாக்கப்படாது" என்றார். காதின் உட்புறத்திலுள்ள சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்வதனாற்றான் குமட்டல் பிறக்கின்றது என்று மருத்துவ நூல்கள் கூறும். தொடுவானத்தை நோக்கினாற் கண்ணும் காதும் ஒத்துப்போகின்றன. குருநகர்க் கடலோடிகள் நூல் படியாமலே அறிந்தது அது. இருதய நோய், உயர் குருதியமுக்கம், கழுத்து முதுகு வலி உடையோரும் கருவுற்ற தாய்மாரும் வேக வண்டிகளை விட்டு விலகியிருத்தல் வேண்டும்.

நீர் விளையாட்டுக்களுக்கு உடை தனி. பருத்திச் சேலையும் காற்சட்டையும் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். சறுக்குக் குழாயில் மாட்டிக்கொள்ளவும் கூடும். ஆதலால் நைலோன் போன்ற துணியாலான உடையைப் பல பூங்காக்கள் வற்புறுத்துகின்றன. கொண்டு செல்லாதவர் வாசற் கடையிற் சொல்லும் விலைக்கு வாங்க நேரும். உடல் மூடிய நீண்ட உடைகளும் அத்துணியிற் கிடைப்பதனால் எமது தாய்மார் கூச வேண்டியதில்லை. தாலிக்கொடி பற்றி எமது வீட்டிலேயே வழக்கு எழுந்தது. கழற்றுவது எப்படி என்பது ஒரு பக்கம், சறுக்கிலே அறுந்தால் என்ன செய்வது என்பது மறு பக்கம். நகைகளைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு மஞ்சட் கயிற்றோடு வருவதென்று அடுத்த பயணத்துக்குத் தீர்ப்பாகியுள்ளது.

இனி, இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்கின்றோம்.

பிற்பகல் இரண்டு மணியளவில் வானம் இருண்டது. நீர்த்தடாகத்தின் ஓரத்தில் எமது தாயார் காற்றாட அமர்ந்திருந்தார். முதல் இடி கேட்டதும் எல்லோரும் உணவுச்சாலைக் கூரையை நோக்கி ஓடினோம். தாயாரும் செருப்பை மறந்து வெறுங்காலோடு வந்து சேர்ந்தார். தலைகளை எண்ணினோம், பத்து. எமது ஆறு வயது மகள் அயல்வீட்டுப் பிள்ளைகளோடு நிற்கின்றாள் என்று நாம் நினைத்தோம். எம்மோடு நிற்கின்றாள் என்று அவர்கள் நினைத்தார்கள். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து செல்லும் பயணங்களிற் பிள்ளை தவறுவது இப்படித்தான். கவனிப்பார் இல்லாமல் அன்று, கவனிப்பார் பலராக இருப்பதால்.

வாசலுக்கு ஒருவர், கழிப்பறைப் பக்கம் ஒருவர், தடாகத்துக்கு ஒருவர் என்று மழையில் ஓடினோம். அலுவலகத்தில் ஒலிபெருக்கி மூலம் அறிவித்தார்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அறிவித்தார்கள். தமிழில் அறிவிக்க அந்நேரத்தில் அங்கே எவரும் இருக்கவில்லை. நாமே கேட்டு வாங்கிப் பேசியிருக்கலாம். பதற்றத்தில் அந்த எண்ணம் எழவில்லை. தன் பெயர் வானத்திலே ஒலிப்பதைக் கேட்டும், முன்னும் பின்னும் சொல்லப்படுவது என்னவென்று அறியாமல் எங்கோ நிற்கும் குழந்தையை நினைத்தபோது எமது கால்கள் தளர்ந்தன. நல்லூர் வீதியிலே தவறும் பிள்ளைக்குச் சுற்றிவர எல்லாரும் மாமா, மாமி. இங்கே?

நாற்பது நிமிடங்கள் கழிந்தன. தேடி ஓட வலுவற்ற எமது தாயார், சும்மா இருக்கவும் மாட்டாமல், விட்டுவந்த செருப்பையாவது எடுப்போம் என்று தடாகத்தடிக்கு மெல்ல நடந்தார். அங்கே குவிந்து கிடந்த செருப்புகளின் நடுவே, நீல வார்ப் பாட்டாச் செருப்பின் பக்கத்திற் குழந்தை குந்தியிருந்தாள். சிங்களத் தாய் ஒருவர் தமது குடையை அவள் தலைக்கு மேலே பிடித்தபடி, தாம் நனைந்துகொண்டு நின்றார். "அம்மா கோ?" என்று அவர் பலமுறை கேட்டாராம். இரண்டு மொழிக்கும் பொதுவான அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, எம் மகள் செருப்பைச் சுட்டிக்காட்டி "அப்பம்மா" என்று விடை கூறியிருக்கின்றாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச மொழி இல்லை. அந்த அம்மையார் போகாமல் நின்றார்.

"ஏன் பிள்ளை, எங்களைத் தேடி வரேல்லை?" என்று கேட்டோம்.

"அப்பம்மா செருப்பெடுக்க வருவா எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

கோவில் வாசலிற் கற்ற பாடம் அது. தவறினால் இன்ன இடத்திற் கூடுவோம் என்று உள்ளே நுழைந்தவுடன் முடிவு செய்திருக்க வேண்டியவர்கள் நாம். அதைச் செய்தவள் ஆறு வயதுக் குழந்தை. இப்போது எமது வீட்டில், வெளியூர் செல்லுமுன் பிள்ளையின் முன்கையிற் கைத்தொலைபேசி இலக்கத்தை அழியாத மையினால் எழுதுகின்றோம். யாழ்ப்பாணம் விட்டுப் புறப்படும் காலையில், பிள்ளை அணியும் உடையோடு ஒரு நிழற்படம் எடுத்துக்கொள்கின்றோம். பதறும் வேளையிற் சட்டையின் நிறம் நினைவுக்கு வராது. இன்ன பிள்ளைக்கு இன்ன பெரியவர் பொறுப்பு என்று பெயர் குறித்து வைக்கின்றோம். பெயர் சொல்லவும், அம்மாவைக் காணவில்லை என்று சொல்லவும் சிங்களத்தில் இரண்டு வசனம் பழக்கியிருக்கின்றோம். மூத்தவனும் விரும்பி அவற்றைக் கற்றுக்கொண்டான்.

பூங்காக்களின் தொகையோ பெருகி வருகின்றது. கொச்சியில் 2000ஆம் ஆண்டிலே தொடங்கிய வொண்டர்லா நிறுவனத்தார் 2025 டிசம்பரிற் சென்னைக்கு அருகிலும் ஒன்றைத் திறந்துள்ளனர். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறப்பதனால் அங்கே போகலாமா என்று கேட்போரும் உளர். பாரிசின் லா சப்பலில் வாழும் எம்மூரவர்களின் பிள்ளைகளுக்கோ, 1992இலே திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து நகரப் புகைவண்டியிற் போய்வரும் தூரம். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும் அப்பிள்ளைகள் எமது அயலவரின் வள்ளத்திலே மண்டைதீவுப் பக்கம் ஒரு சுற்று வருவதற்கு அடிபடுவதையும் பார்க்கின்றோம். அங்கே உயரம் அளப்பாரில்லை. உயிர்காப்பு அங்கி அணியாமல் ஏற்ற மாட்டேன் என்று அயலவர் மட்டும் இப்போது கண்டிப்பாக இருக்கின்றார்.

வரும் ஓகஸ்ட் விடுமுறையில் அதே பதினொருவரும் மறுபடி போவதாக இருக்கின்றோம். வார நாளொன்றில், புகைவண்டியில், இரண்டு இரவு தங்கி. அயல்வீட்டுப் பையன் சுவர்க் கோட்டை நான்கு விரற்கடை தாண்டிவிட்டான். எம் மூத்தவன் கீழே நின்று படம் எடுப்பதாகச் சொல்லியிருக்கின்றான், சரி என்றோம். தாயாருக்குப் புதுச் செருப்பு வாங்கலாம் என்று கேட்டபோது, "வேண்டாம் தம்பி, பிள்ளைக்கு இது தெரியும்" என்று அந்தப் பழைய பாட்டாவையே கழுவி வெயிலில் வைத்திருக்கின்றார்.